ஓவர்கிளொக் செய்யட்டா, அம்மா?

பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீடு என்றால், அதுவும் பிள்ளைக்குக் கணினி விளையாட்டில் ஆசை என்றால், இந்தக் கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரத்தான் போகிறது. எங்களிடம் போன ஜனவரியில் வந்தது. மகனுக்கு 14 வயது. "அம்மா, என்ர கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளொக் செய்யட்டா?" என்றான். கேட்டுவிட்டுச் செய்கிறானே என்று சந்தோஷப்படுவதா, பேஸ்மென்டில் நெருப்பு வைக்கப் போகிறானோ என்று பயப்படுவதா, தெரியவில்லை.

நான் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பாதுகாப்பு என்றால் ஒரே ஒரு விதிதான்: தொடாதே. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு வேலை செய்து வாங்கிய சாமான்கள். உடைந்தால் இன்னொன்று வராது. அதனால் ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, வீடியோ டெக்குக்கு மேல் பின்னல் துணி. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. உங்களில் பல பேரும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள்.

ஆனால் மகனுக்கும் அதையே பதிலாகச் சொன்னால், அடுத்தமுறை அவன் கேட்க மாட்டான், செய்துவிட்டுப் பேசாமல் இருப்பான். "உனக்குத் தெரிஞ்சபடி செய்" என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. "ரெண்டு கிழமை தா, பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் கணக்குப் பார்ப்பவள். கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை தேடிப் பார்த்தவள் இல்லை. அந்த இரண்டு கிழமையில் அறிந்ததையும், எப்படி ஒரு முடிவுக்கு வந்தோம் என்பதையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கேள்வி வரும்போது உதவலாம்.

முதலில், அது என்ன? கிராபிக்ஸ் கார்ட் என்பது திரையில் படம் வரையும் வேலைக்கென்றே உள்ள தனிப் பலகை. அதில் உள்ள சிப் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. மகனுடையது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060. 2021இல் வந்தது. அதன் பெட்டியில் போடும் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 178 கோடி துடிப்பு. அந்தத் தாளத்தை, கம்பனி வைத்து அனுப்பிய அளவுக்கு மேலே நாமாகக் கூட்டுவதுதான் ஓவர்கிளொக். அதற்குப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோட்டை வலப்பக்கம் இழுத்தால் போதும். அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் என்னைப் பயப்படுத்தியது.

இரண்டாவதாக நான் அறிந்தது, இந்தக் கார்டுகள் ஏற்கெனவே தங்களைத் தாங்களே கூட்டிக்கொள்கின்றன என்பது. 2012இல் இருந்து என்விடியா கார்டுகளில் அந்த ஏற்பாடு இருக்கிறது. சூடு குறைவாக, மின்சாரம் போதுமாக இருந்தால் சிப் தானாகவே பெட்டியில் போட்ட வேகத்தைத் தாண்டி ஓடும். சூடேறினால் படிப்படியாக இறங்கும். ஆகவே நாம் கையால் கூட்டுவதற்கு மிஞ்சி இருப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம். 20 வருடத்துக்கு முந்திய கதைகளைக் கேட்டு, பாதிக்குப் பாதி வேகம் கூடும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, என்ன கெடும்? வேகத்தை மட்டும் கூட்டினால் சூடு கொஞ்சம் கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால்தான் சிக்கல். மின்னழுத்தம் 10 சதவீதம் ஏறினால் சூடு 10 சதவீதம் ஏறாது, கிட்டத்தட்ட 21 சதவீதம் ஏறும். அதனால்தான் இந்தக் கார்டுகளில் மின்னழுத்தத்துக்கு ஒரு பூட்டு, சூட்டுக்கு ஒரு பூட்டு என்று கம்பனியே போட்டிருக்கிறது. 3060க்கு உச்ச வெப்பநிலை 93 பாகை. அதற்குக் கிட்டப் போக முன்னமே அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண மென்பொருளில் கோட்டை இழுத்து ஒரு கார்டை அந்த இடத்திலேயே எரிப்பது கஷ்டம். ஆனால் நாளெல்லாம் கூடிய சூட்டிலும் அழுத்தத்திலும் ஓடும் சிப்புக்கு ஆயுள் குறையும். அது இன்றைக்குத் தெரியாது, மெல்ல மெல்ல நடக்கும்.

இதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கவலை இருந்தது. கார்ட் புதிதல்ல. மகன் இரண்டு மாரிகாலம் அக்கம்பக்கத்து வீடுகளில் ஸ்நோ தள்ளிச் சேர்த்த காசும், பிறந்தநாளுக்கு வந்த என்வலப் காசும் போட்டு, 260 டொலருக்குப் பழையதாக வாங்கியது. வாரன்டி இல்லை. அதன் பழைய வாழ்க்கை என்ன என்றும் தெரியாது. 2021இல் பலர் இப்படியான கார்டுகளை இரவு பகலாகக் கிரிப்டோ நாணயம் உருவாக்க ஓட்டினார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. மகனுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கதையெல்லாம் குசினி மேசையில் நடந்துகொண்டிருக்க, மாமா தேத்தண்ணியோடு வந்து இருந்தார். என் கணவரின் அப்பா. சுன்னாகத்தில் மோட்டார் கராஜில் வேலை செய்தவர். 2006இல் இங்கே வந்து எங்களோடு இருக்கிறார். "என்ன பிள்ளை, தம்பி எதையோ கூட்டப் போறானாம்?" என்று கேட்டார். விளக்கும்படி மகனைச் சொன்னேன். அவனுடைய தமிழில் கிளொக்குக்கும் வோல்டேஜுக்கும் சொல் இல்லை. கொஞ்சம் திணறினான். "இது ஒரு... இஞ்சின் மாதிரி அப்பப்பா. ஒரு நிமிசத்துக்கு எத்தனை தரம் சுத்துது எண்டு இருக்கெல்லோ, அதை நான் கூட்டுறன்."

அவ்வளவுதான், மாமாவுக்கு விளங்கிவிட்டது. "அப்ப சூடு பிடிக்குமே. காத்துப் போக வழி இருக்கோ? எண்ணெய் கூட இழுக்குமோ?" என்று கேட்டார். எண்ணெய் என்பது மின்சாரம் என்று மகன் சொன்னான். பிறகு மாமா தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைச் சொன்னார். பெற்றோல் தடை. மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். புகை, மணம், இருமல் சத்தம். "எத்தினை இஞ்சினை நாங்களே தின்னக் குடுத்தம். ஆனா ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு போக வேணும். அது தேவை. உனக்கு இது எதுக்கு, தம்பி?"

மகனுக்கு உடனே பதில் வரவில்லை. அப்பப்பா இயந்திரங்களை இப்படிப் பழக்கியவர் என்பதும் அவனுக்குப் புதுசு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எதுக்கு என்று தெரிய, முதலில் அளக்க வேண்டும்.

ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கோடு போட்டோம். அவன் விளையாடும் விளையாட்டில் ஒரே இடத்தில், ஒரே காட்சியை ஒவ்வொரு முறையும் ஓடவிட்டு எழுதுவது. முதல் நாள் கணக்கு: விநாடிக்கு 54 ஃபிரேம், சூடு 81 பாகை, கார்டின் உழைப்பு 98 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அது 60, 70 என்று நின்றால் தாமதம் கார்டில் இல்லை, கணினியின் வேறு பகுதியில் இருக்கிறது. அப்போது கார்டை எவ்வளவு கூட்டினாலும் பயன் கிடையாது. திரையின் திறனையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 110 ஃபிரேமை 116 ஆக்கினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் திரை 75 ஹெர்ட்ஸ். மகனுக்கு வேண்டியிருந்தது 60 ஃபிரேம். ஆகவே அவன் கேட்டது சும்மா ஆசை இல்லை என்று பட்டது.

81 பாகை எனக்குப் பிடிக்கவில்லை. கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, பக்கப் பலகையைத் திறந்தோம். உள்ளே தூசு கம்பளி மாதிரி. காற்று டின் வாங்கி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதினோம். அடுத்த நாள் கணக்கு: சூடு 74, ஃபிரேம் 55. எதையும் கூட்டாமலே ஒரு ஃபிரேம். சூடு குறைந்ததும் கார்ட் தானாக ஏறிக்கொண்டது.

மேசைக்குக் கீழே குனிந்தபோதுதான் பெரிய விஷயம் கண்ணில் பட்டது. பேஸ்மென்ட் குளிர் என்று மகன் சின்ன ஹீட்டர் ஒன்றைக் கணினி செருகியிருந்த அதே பவர் பாரில் செருகியிருந்தான். ஹீட்டர் 1500 வாட்ஸ். இங்கே வட அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக் சுற்று 15 அம்பியர், 120 வோல்ட். மொத்தம் 1800 வாட்ஸ். தொடர்ந்து ஓடும் சுமை அதில் 80 சதவீதத்தை, அதாவது 1440ஐ, தாண்டக் கூடாது என்பது எலெக்ட்ரீஷியன்மாரின் கணக்கு. ஹீட்டர் தனியாகவே அதைத் தாண்டுகிறது. அதற்கு மேல் விளையாட்டு ஓடும் கணினி ஒரு 300 வாட்ஸ். பவர் பாரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. நான் இரண்டு கிழமையாகக் கார்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, உண்மையான ஆபத்து 15 டொலர்ப் பவர் பாரில் இருந்தது. ஹீட்டரை உடனே எடுத்து, வேறு சுற்றில் உள்ள சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போட்டோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்றால், இதை வைத்திருங்கள்: ஹீட்டரைப் பவர் பாரில் செருக விடாதீர்கள்.

பிறகு விளையாட்டின் செட்டிங்கைப் பார்த்தோம். நிழல்களின் தரத்தை ஒரு படி மட்டும் குறைத்தோம். 55 ஃபிரேம் 64 ஆனது. நிழலில் வித்தியாசம் தெரிகிறதா என்று மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மகன் "கொஞ்சம் தெரியுது" என்றான்.

ஆக, தேவை முடிந்துவிட்டது. 60 கேட்டான், 64 வந்துவிட்டது. அதோடு நிறுத்தலாம் என்று நான் நினைத்தேன். மகன் கொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, எனக்கு இப்ப ஃபிரேம் பிரச்சினை இல்லை. ஆனா என்ர கார்ட் எவ்வளவு தூரம் போகும் எண்டு எனக்கு அறிய வேணும்."

முடிவெடுக்க வேண்டிய இடம் உண்மையில் இதுதான். தேவை என்றால் சம்மதிப்பது சுலபம். அறிய ஆசை என்றால்? காசு அவனுடையது. கெட்டால் இழப்பும் அவனுக்குத்தான். இரண்டு கிழமை பொறுத்து, அளந்து, எழுதியிருக்கிறான். இன்னொரு முக்கியமான விஷயம், இதில் திரும்பி வர வழி இருக்கிறது. ஆஃப்டர்பேர்னரில் "விண்டோஸ் தொடங்கும்போதே போடு" என்ற பெட்டியில் சரி போடாத வரைக்கும், கணினியை நிறுத்திப் போட்டால் கார்ட் பழைய நிலைக்கு வந்துவிடும். தவறினால் திரை ஒருமுறை கறுப்பாகும், விளையாட்டு மூடும், அவ்வளவுதான். இன்னும் மூன்று நாலு வருடத்தில் இவன் கார் ஓட்டுவான், படிப்புக்குக் கடன் எடுப்பான். அவற்றுக்கு இப்படி ஒரு திரும்பும் வழி இல்லை. அளந்து துணிவதைப் பழகுவதற்கு இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் இரவு வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் கதைத்தோம். அவருக்கு அரை மனம்தான். "கெட்டால் நாங்கள் புதுசு வாங்கிக் குடுக்கிறேல்லை. அதை அவனுக்கு முதலே சொல்லிப்போட்டு ஓம் எண்டு சொல்லு" என்றார். சொன்னோம். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். 260 டொலர், இரண்டு மாரிகாலம். பிறகு "ஓகே" என்றான்.

வீட்டு நிபந்தனைகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினோம். மின்னழுத்தத்தைத் தொடுவதில்லை. கார்டின் பயோஸை மாற்றி எழுதுவதில்லை, அதில்தான் திரும்பி வரும் வழி அடைபடும். வீட்டில் ஆள் இல்லாத நேரமும், எல்லாரும் படுத்த பிறகும் சோதனை ஓட்டம் இல்லை. தொடங்க முன் பள்ளிக்கூட வேலைகளை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. 80 பாகை தொட்டால் அன்றைக்கு நிறுத்துவது.

மின்சாரப் பெட்டியையும் பார்த்தோம். 3060க்கு 170 வாட்ஸ் வேண்டும், கணினிக்கு மொத்தம் 550 வாட்ஸ் பவர் சப்ளை இருக்கச் சொல்கிறது என்விடியா. எங்களுடையது 650. கார்டுக்குப் போகும் 8 முள் வயர் 150 வாட்ஸ் கொடுக்கும், கார்ட் செருகிய இடம் 75 கொடுக்கும். இரண்டும் சேர்ந்து 225, போதும். வயர் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று அமத்திப் பார்த்தோம். 2022 இறுதியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் புதுவகை வயர் முனை உருகிய செய்தி வந்தபோது, முழுதாகச் செருகப்படாததே முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எங்களுடையது அந்த வகை அல்ல. ஆனாலும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான்.

அடுத்த சனிக்கிழமை தொடங்கினான். ஒரு முறைக்கு 25 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் 20 நிமிடம் ஓட்டம், பிறகு எழுத்து. 125 வரைக்கும் ஒன்றும் இல்லை. 150இல் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சதுரங்கள் மின்னின, பிறகு விளையாட்டு மூடிக்கொண்டது. மகனின் முகம் வெளிறிவிட்டது. நிறுத்திப் போட்டதும் கார்ட் சாதுவாகப் பழைய நிலைக்கு வந்தது. ஓடிய கடைசி எண்ணில் நிற்காமல், இன்னும் ஒரு படி கீழே இறங்கி 100இல் வைத்தான். நினைவகத்துக்கு 500 கூட்டினான். நிழலைப் பழையபடி உயர்த்தி, முதலில் அளந்த அதே காட்சியை ஓட்டினான். 58 ஃபிரேம், 77 பாகை. தூசு துடைத்த பிறகு 55. எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து மூன்று ஃபிரேம்.

அதற்குப் பிறகு அவனாகவே எதிர்ப்பக்கம் போனான். வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு மின்னழுத்தத்தைக் குறைப்பது. இதற்கு அன்டர்வோல்ட் என்று பெயர். கம்பனி எல்லாக் கார்டுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூடவே அழுத்தம் வைத்து அனுப்பும். உங்கள் கையில் உள்ள கார்டுக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். மின்னழுத்தத்தைத் தொடுவதில்லை என்பது முதல் நிபந்தனை என்பதால் மறுபடியும் வந்து கேட்டான். கூட்டத்தான் தடை, குறைக்கலாம் என்று கொப்பியில் திருத்தினோம். முடிவு: 54 ஃபிரேம், 67 பாகை. மின்சாரம் 168 வாட்ஸில் இருந்து 132க்கு வந்தது. விசிறிச் சத்தம் பாதியாகியதை மேலே குசினியில் இருந்தே என்னால் உணர முடிந்தது.

மாமாவுக்குக் கொப்பியைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு வரிசையையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது நல்ல வேலை. குறைச்சுக் குடுத்தும் அதே அளவு இழுக்குதே" என்றார். மகன் சொல்லாமல் விட்டாலும் அந்தப் பாராட்டு அவனுக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டில் கேள்வி வந்தால், நான் பார்க்கச் சொல்வது இவ்வளவும்தான். மடிக்கணினி என்றால் வேண்டாம், அதற்குள் காற்றுக்கு இடமே இல்லை. வாரன்டி இருக்கும் புதுக் கார்ட் என்றால், அந்தக் கம்பனியின் வாரன்டி நிபந்தனையை முதலில் வாசியுங்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். வீட்டு வேலையும் வருமானமும் ஓடும் கணினி என்றால் அதில் பரிசோதனை வேண்டாம். மற்றப்படி தூசு, பிளக், செட்டிங் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கேட்கிற பிள்ளைக்கு ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

எங்கள் மகன் இப்போது நாளாந்தம் ஓட்டுவது குறைத்த அழுத்தத்தில்தான். ஓவர்கிளொக்கை ஆஃப்டர்பேர்னரின் இரண்டாவது பொத்தானில் சேமித்து வைத்திருக்கிறான். சிநேகிதப் பெடியள் வந்தால் அதை அமத்திக் காட்டுவான். மூன்று ஃபிரேம்தானே என்று நான் கேட்பதில்லை.